பெல்ட்டை எண்ணிப் பயனில்லை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ரெஸ்லிங்கில் உண்மையான ஜாம்பவான் யார் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தக் கேள்வியைக் கிளப்பினால் சாப்பாடு ஆறிப்போகும். தாத்தா ஒரு பெயர் சொல்வார், பேரன் இன்னொரு பெயர் சொல்வான், உடனே யாரிடம் எத்தனை சாம்பியன் பெல்ட் என்று கணக்கு ஆரம்பித்துவிடும்.

அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை. ரிக் ஃப்ளேர் 16 முறை உலகச் சாம்பியன், ஜான் சீனா 2025-ல் 17-ஆவது முறை வென்று அவரைத் தாண்டிவிட்டார், இருவரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவாகிற ஆட்டம் இது, பெல்ட்டைக் கொடுப்பது கம்பெனி. அப்போ எல்லாம் பொய்யா என்று கேட்காதீர்கள், விழுகிற விழுதலும் வலியும் பொய்யில்லை. ரெஸ்லரின் கையில் இருப்பது ஒன்றுதான்: எதிரில் நிற்பவனை எவ்வளவு பெரிய ஆளாக்கிக் காட்டுகிறான்?

1987-ல் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியாவை, அதாவது வருஷத்தின் பெரிய ரெஸ்லிங் விழாவை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரே த ஜயன்ட்டின் எடை 520 பவுண்டு என்று அறிவிப்பார்கள். முதுகில் ஆபரேஷன் ஆகி, உடைக்கு உள்ளே பட்டை கட்டிக்கொண்டு வந்த மனிதர். ஆரம்பத்திலேயே ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை, ஆண்ட்ரே அப்படியே அவர் மேல் சாய்கிறார். கடைசியில் ஹோகன் அவரைத் தூக்கி அடிக்கும்போது அரங்கமே எழுந்து நிற்கிறது. அந்த முதுகோடு ஆண்ட்ரே உடம்பைக் கொடுத்திருக்காவிட்டால் ஹோகனுக்கு அந்தப் பெயர் ஏது?

அப்புறம் 1997, சிகாகோ பக்கத்தில் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். என் கணக்கில் இதற்கு மேல் ஓர் ஆட்டம் இல்லை. பிரெட், ஆஸ்டினின் காலைப் பின்னி, குப்புறப் போட்டு முதுகை வளைக்கிற ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போட்டுவிட்டார், ஆஸ்டின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து பல்லிடுக்கு வரைக்கும் வருகிறது, கத்துகிறார், ஆனால் தோற்றேன் என்று சொல்லவில்லை, மயங்கியே போகிறார். ஜெயித்தது பிரெட். ஆனால் அன்றைக்கு மக்கள் மனசில் ஏறியது ஆஸ்டின். நாயகனாக உள்ளே வந்த பிரெட், விழுந்து கிடந்தவரை மறுபடியும் அடித்து, கூட்டத்தின் திட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார். தன் நல்ல பெயரையே இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

நம் கேப் டவுனிலிருந்து போன ஜஸ்டின் கேப்ரியல் மேல்கயிற்றிலிருந்து 450 டிகிரி சுழன்று விழுவாரே, அந்த வித்தை அபாரம். ஆனாலும் அவரை ஜாம்பவான் என்று சொல்ல மாட்டேன். அப்படியொரு கதையில் நின்று ஆட அவருக்கு இடமே கிடைக்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சரி, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த 1997 ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஆஸ்டினை மட்டும் பார்க்க வேண்டாம், பிரெட் அவருக்காக என்னென்ன செய்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.