பல் போனவரின் ஊர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘அயர்லாந்தின் ஊர்ப்பெயர்களைப் பொருள் கெடாமல் காத்தது வரைபடமா, ஊரார் நாவா?’ என்பது தலைப்பு. நான் நாவின் பக்கம்.

வரிசையாக அடுக்க எண்ணிச் சில வாதங்களோடு வந்தேன். எதிரணித் தலைவர் அவற்றை மறக்கடித்துவிட்டார். “பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. ஐரிஷ் மொழி பேசிய முதியவர்களின் வாயில் பல்லே கிடையாது. அந்த வாயை நம்பியா ஒரு நாட்டின் ஊர்ப்பெயர்களை ஒப்படைப்பது?” என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகள் சற்றுப் பொறுத்திருக்கட்டும், ஏனெனில் இந்தத் தலைப்பில் அவர் எடுத்திருக்கக் கூடாத ஒரே உறுப்பு பல்.

டப்ளினுக்குத் தெற்கே, கடலோரத்தில் விக்லோ என்றொரு நகரம் உள்ளது. ஐந்தாம் நூற்றாண்டில், அயர்லாந்தில் கிறித்தவம் பரப்பிய புனித பேட்ரிக் தம் துணைவர்களோடு அந்தக் கரையில் இறங்க முயன்றாராம். ஊரார் கல்லால் அடித்து விரட்டினார்களாம். அந்தக் கல்வீச்சில் துணைவர் ஒருவரின் முன்பற்கள் உதிர்ந்தன. அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும்: அவர் வந்ததோ போதனை செய்ய, போனதோ பல்! நானாக இருந்தால் அந்தத் திசைக்கே மறுபடி தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அவரோ பின்னொரு நாள் அதே ஊருக்குத் திரும்பி வந்து, அதே மக்களிடையே ஒரு தேவாலயம் எழுப்பினார். பெற்றோர் இட்ட பெயரை யார் கேட்டார்கள்? ‘மன்ட்டான்’, அதாவது பல்லில்லாதவர், என்றே ஊரார் அவரை அழைத்தார்கள். அவர் எழுப்பிய தேவாலயத்தின் பெயரால் ஊரும் ‘கில் வன்ட்டான்’, அதாவது பல்லில்லாதவரின் தேவாலயம், ஆயிற்று. இது மரபுக்கதை, வரலாறு என்று இதற்கு நான் முத்திரை குத்தவில்லை. ஆனால் பெயர் பெயர்தான், அதன் பொருளும் அதுதான்.

பின்னர் வடக்கிலிருந்து கடல்வழியே வைக்கிங்குகள் வந்து தங்கள் நார்ஸ் மொழியில் அதற்கு வேறு பெயரிட்டார்கள். ஆங்கிலேயர் அந்தப் பெயரை வாங்கி விக்லோ என்று தாளில் ஏற்றினார்கள். எதிரணி போற்றும் அந்த வரைபடத்தை விரித்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். விக்லோ என்ற சொல்லில் தேவாலயம் தெரிகிறதா? துறவி தெரிகிறாரா? ஒரு பல்லாவது தெரிகிறதா? ஊரார் நாவோ கில் வன்ட்டானை விடவில்லை. கல் எறிந்தவர்கள் போனார்கள், வைக்கிங்குகள் போனார்கள், லண்டன் ஆட்சியும் போயிற்று, பல் போனவர் மட்டும் போகவில்லை! இன்று அந்த ஊருக்குள் நுழையும் சாலைப் பலகையைப் பாருங்கள்: ஐரிஷ் பெயர் மேலே, ஆங்கிலப் பெயர் கீழே. எதிரணித் தலைவரே, பல் போனவர் மேலே நிற்கிறார், உங்கள் வரைபடம் கீழே நிற்கிறது.

“பழைய ஏடுகளிலும் ஐரிஷ் பெயர்கள் உண்டே” என்று அவர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்டு, மறுக்கவில்லை. ஏட்டில் எழுதியவர் தமக்கு முன்னிருந்தோர் சொல்லக் கேட்டுத்தானே எழுதினார்?

அவர்கள் பெரிதும் நம்பும் சாட்சிக்கு வருகிறேன். 1824-இல் அயர்லாந்து முழுவதையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரையத் தொடங்கிய அரசு நில அளவைத் துறையில், 1830-இல் ஜான் ஓ’டோனவன் என்ற அறிஞர் சேர்ந்தார். மாவட்டம் மாவட்டமாக அலைந்து 60,000-க்கும் மேற்பட்ட சிறு நிலப்பிரிவுகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தும் பெரும்பணியில் முன்னின்றவர் அவர். ஆங்கில எழுத்தில் என்ன எழுதுவது என்று தெளிய அவர் யாரைத் தேடிப் போனார்? ஐரிஷ் பேசிய ஊர் முதியவர்களை! எதிரணித் தலைவர் இகழ்ந்த அந்தப் பல் போன வாய்களைத்தான் வரைபடமே கெஞ்சிக் கேட்டு எழுதிக்கொண்டது.

அப்படிக் கேட்டும் ஆங்கில எழுத்து என்ன செய்தது? ஐரிஷ் மொழியில் ‘கில்’ என்றால் தேவாலயம், ‘கைல்’ என்றால் காடு. தாளில் இரண்டும் பல இடங்களில் ஒரே ‘கில்’ ஆகிவிட்டன. கில்மோர் என்று எழுதியிருந்தால் அது பெரிய தேவாலயமா, பெருங்காடா என்று வரைபடம் சொல்லாது. ஊரார் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். டப்ளினில் ஃபீனிக்ஸ் பூங்கா இருக்கிறது. ‘ஃபின் இஷ்க’, அதாவது தெளிந்த நீர், என்று ஊரார் சொன்னது அயலார் காதில் ஃபீனிக்ஸ் என்று விழுந்தது என்பார்கள். காதில் விழுந்ததோடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1747-இல் செஸ்டர்ஃபீல்ட் பிரபுவின் பெயரால் அங்கே ஒரு தூண் நட்டு, அதன் உச்சியில் ஃபீனிக்ஸ் பறவையையும் உட்கார வைத்துவிட்டார்கள். தண்ணீருக்குச் சிறகு முளைத்தது பேசியவர் நாவிலா, எழுதியவர் தாளிலா என்பதை நடுவரே முடிவு செய்யட்டும்.

எழுத்துப்பிழையையாவது மன்னிக்கலாம். 1821-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்து போனதற்காக டன் லேரி துறைமுகம் கிங்ஸ்டவுன் ஆயிற்று. 1849-இல் விக்டோரியா அரசி வந்ததற்காகக் கோவ் துறைமுகம் குயின்ஸ்டவுன் ஆயிற்று. வரைபடம் வாய் திறக்காமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பழைய பெயர்கள் மீண்டது 1920-இல்தான். அவற்றை அத்தனை காலம் சுமந்திருந்தது எது?

அந்தக் குயின்ஸ்டவுன் துறையை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 1845-இல் ஏழைகளின் முக்கிய உணவான உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள், அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். பஞ்சம் கொடுமையாகத் தாக்கியது ஐரிஷ் பேசிய ஏழைக் குடியானவர்களை. அவர்களில் எத்தனையோ பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வாடகை நிலத்தில் வாழ்ந்ததால் பட்டா இல்லை, பத்திரம் இல்லை, இடுப்பில் மடித்துச் செருக வரைபடம் இல்லை. கப்பல் தளத்தில் நின்ற ஒரு தாய், இனி ஒருநாளும் தன் ஊரைக் காணப்போவதில்லை என்று தெரிந்தும், அதன் பெயரைத் தன் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். தப்பாகச் சொன்னால் திருத்தியிருப்பாள். மறுபடியும் சொல்லச் சொல்லியிருப்பாள். நியூயார்க்கில் பெற்றெடுத்த பிள்ளைக்கும் அவள் அதையே ஊட்டியிருப்பாள், பாலோடு சேர்த்து.

இதில் தருக்கம் எங்கே என்று எதிரணி கேட்கும், கேட்கட்டும், குறித்துக்கொள்ளட்டும். மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அந்தத் தாய்மார்களின் பெயரால் தீர்ப்பை நாவின் பக்கமே வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.