கட்டுப் போட்ட கையில் நாடி இருந்தால் மட்டும் போதுமா?

வணக்கம். நர்சிங் படிக்கும் தங்கைகளும் தம்பிகளும், எலும்பு முறிவு வார்டில் புதிதாகப் பணியேற்ற செவிலியர்களும் தொடர்ந்து கேட்டு வந்ததால், கை கால்களின் இரத்த ஓட்டத்தையும் எலும்பு, மூட்டு, தசைகளையும் எப்படிப் பரிசோதிப்பது என்பதை இன்று பேசுகிறேன். பாடப்புத்தகத்தில் இரத்தக் குழாய்களுக்கு ஓர் அத்தியாயமும் எலும்பு, தசைகளுக்கு வேறோர் அத்தியாயமும் இருக்கும். தேர்வுக்கு நாமும் தனித்தனியாகத்தான் படித்தோம். ஆனால் முழங்கைக்கு அருகே தமனியும் நரம்பும் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. அங்கே எலும்பு முறிந்தால், இரண்டு அத்தியாயங்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்தக் கையைப் பார்க்க வேண்டும்.

நான் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு மருத்துவமனையின் இரவு டியூட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். மாடிப்படியில் விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்த 7 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அன்று மாலை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். நான் அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாடி நன்றாக இருந்தது. விரல்களும் சூடாகவே இருந்தன. 'நாடி உள்ளது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். வலிக்கு மருந்து கொடுத்த பிறகும் அவன் அழுதுகொண்டே இருந்தான். புதிய இடம், புதிய முகங்கள், அதனால்தான் அழுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த வழியாக வந்த மூத்த சிஸ்டர் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே மடங்கியபடி இருந்த அவன் நடுவிரலை மிக மெதுவாக நிமிர்த்தினார். குழந்தை வீறிட்டான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எத்தனை மணியிலிருந்து இப்படி அழுகிறான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் அதை எழுதி வைத்திருக்கவில்லை. அவர் டியூட்டி டாக்டரை அழைத்தார். டாக்டர் வந்து, மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்து, உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டி விலக்கினார். அரைமணி நேரத்தில் அந்தக் குழந்தை தூங்கிவிட்டான். அவன் கை தப்பியது.

நாடி இருந்தும் அந்தக் கை ஆபத்தில் இருந்தது எப்படி என்பதை ஒவ்வொரு செவிலியரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் காணொளியை எடுக்கிறேன். நம் முன்கையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகளை, எளிதில் விரியாத உறுதியான உறைகள் அறை அறையாகப் பிரித்து மூடியிருக்கின்றன. அடிபட்ட தசை வீங்கும்போது உறை விரிந்து இடம் கொடுப்பதில்லை. வெளியே இறுக்கமான கட்டும் இருந்துவிட்டால் வீக்கத்துக்குப் போக்கிடமே இல்லை. எனவே அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. பெரிய தமனிக்குள் இரத்தம் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் பாய்கிறது. தசைக்கு உணவும் பிராணவாயுவும் கொடுக்கும் நுண்குழாய்களிலோ அது 30 அளவில்தான் இருக்கிறது. அறையின் அழுத்தம் 30, 40 என்று உயரும்போது நுண்குழாய்கள் நசுங்கி மூடிவிடும், தமனி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் துடித்துக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் நம் விரலுக்குத் தட்டுப்படுவது அந்தத் தமனி. அதற்குப் பக்கத்திலேயே தசை பட்டினியில் செத்துக்கொண்டிருக்கும். இப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் கடந்தால் தசையும் நரம்பும் மீளாத சேதத்தை அடையத் தொடங்குகின்றன. ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881-இலேயே, இறுக்கமாகக் கட்டிய கைகளில் தசைகள் சுருங்கி விரல்கள் கொக்கிபோல் மடங்கி நின்றுவிடுவதை விவரித்து எழுதினார்.

பாடத்தில் நீங்கள் படிக்கும் வலி, வெளிறுதல், நாடி இல்லாமை, மதமதப்பு, செயலிழப்பு, சில்லிட்டுப் போதல் என்ற ஆறு அறிகுறிகளும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் வருவது வலி. அதுவும் காயத்துக்குப் பொருந்தாத, மருந்துக்கு அடங்காத வலி. விரலைப் பிறர் நிமிர்த்தும்போது அது பல மடங்காகும். அடுத்து மதமதப்பு வரும். நாடி மறைவது மிகக் கடைசியில். அதுவரை காத்திருந்தால் கையைக் காப்பாற்ற முடியாது. ஆகவே கட்டுப் போட்ட கை கால் எதுவானாலும், நாடியைத் தொடுவதற்கு முன்பே விரலை நிமிர்த்திப் பாருங்கள் என்று என் மாணவிகளிடம் வற்புறுத்துகிறேன். சந்தேகம் வந்தவுடன் டாக்டரை அழையுங்கள். அவர் வரும்வரை அந்தக் கையை இதயத்தின் மட்டத்திலேயே வையுங்கள். வீக்கம் குறையட்டும் என்று தலையணை அடுக்கி உயர்த்தினால், ஏற்கெனவே குறைந்துபோன இரத்த ஓட்டம் மேலும் குறையும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மூங்கில் பத்தை வைத்து, முட்டையின் வெள்ளைக்கரு தடவிய துணியால் இறுக்கிய நாட்டுக்கட்டுடன் நம்மிடம் வருகிறவர்கள் உண்டு. அந்தக் குடும்பத்தை வாசலிலேயே கடிந்துகொள்வதால், அடுத்த முறை அவர்கள் இன்னும் தாமதமாக வருவார்கள். வேறு எந்தப் பயனும் இல்லை. கட்டு எப்போது போடப்பட்டது, அதன்பின் வலி குறைந்ததா கூடியதா என்று கேட்டுவிட்டு, விரல்களைப் பாருங்கள். வெளி இறுக்கம் கட்டினால் மட்டும் வருவதில்லை. கண்ணாடி வளையல், மணிக்கட்டில் கட்டிய கோவில் கயிறு, மோதிரம், கொலுசு, மெட்டி ஆகியவை வீக்கம் ஏற ஏறச் சதைக்குள் பதிந்துவிடும். வீட்டாரிடம் காரணத்தைச் சொல்லி, அடிபட்டவர் வந்த முதல் சில நிமிடங்களிலேயே அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். கயிற்றை வெட்ட நேர்ந்தால் அனுமதி பெற்று வெட்டி, அதை அவர்கள் கையிலேயே மரியாதையோடு ஒப்படையுங்கள்.

இனி நிறம். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் உள்ள வெளிறிய கால்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் தோலில் இரத்தம் குறைந்தால், அது சாம்பல் பூத்ததுபோலவோ மஞ்சள் கலந்த பழுப்பாகவோ தெரியும். அதனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடிச்சதை ஆகியவற்றைப் பாருங்கள். மறு பக்கத்துக் கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிகளுக்குள் இரத்த நிறம் திரும்ப வேண்டும். மருதாணி வைத்த நகத்தில் இதைப் பார்க்கவே முடியாது. நகப்பூச்சைத் துடைத்துவிடலாம், மருதாணி வாரக்கணக்கில் நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு விரல் நுனியின் சதையை அழுத்திப் பாருங்கள். சூட்டை அறிய உள்ளங்கையைவிடப் புறங்கையே நல்லது. இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வைத்து, விரல்களிலிருந்து மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே போனால், சில்லிப்பு எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

இப்போது கேமராவை என் பாதத்தின் அருகே வைத்திருக்கிறேன். பெருவிரலை மேலே தூக்குகிறேன். பாதத்தின் மேற்புறத்தில் கயிறுபோல் ஒரு தசைநாண் எழுவதைப் பாருங்கள். அதற்கு அடுத்து, சுண்டுவிரல் பக்கமாக, மூன்று விரல்களின் நுனிகளை வைத்துக்கொண்டு பெருவிரலைத் தளர விடுகிறேன். இலேசாகத்தான் வைக்க வேண்டும்; அழுத்தினால் அந்தச் சிறு தமனி எலும்பின்மேல் நசுங்கி, துடிப்பு மறைந்துவிடும். அடுத்த நாடி, உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், சற்றுக் கீழே, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த நாணுக்கு முன்னால் இருக்கிறது. பாதத்தின் மேலுள்ள நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. ஆகவே அது இல்லை என்று எழுதும் முன் கணுக்கால் நாடியையும் மறு காலையும் பார்த்திருக்க வேண்டும். பதற்றத்தில் நம் விரல் நுனியின் துடிப்பையே நோயாளியின் நாடி என்று எண்ணிவிடுவதும் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் மற்றொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டும் சேர்ந்து துடிக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும் டாப்ளர் கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சற்று முன் நான் நாணைக் 'குதிகால் நரம்பு' என்றேன், கவனித்தீர்களா? தமிழில் நமக்குள்ள ஒரு சிக்கல் இது. புடைத்து நிற்கும் சிரையையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்தும் நரம்பையும் நரம்பு என்கிறோம், தசைநாணையும் அப்படியே சொல்கிறோம். ஒரு பாட்டி வந்து "நரம்பு இழுக்குது சிஸ்டர்" என்றால், அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எங்கே என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எரிச்சலா, குடைச்சலா, மதமதப்பா, பிடிப்பா என்று அவர் சொற்களிலேயே கேளுங்கள். பஸ் ஸ்டாப் வரை நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, அங்கேயே சற்று நின்றால் விட்டுவிடுகிறது என்றால் தமனி அடைப்பை நினைக்க வேண்டும். நின்றாலும் விடவில்லை, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடுகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுவதை நினைக்க வேண்டும். வலி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வரும். இந்த ஒரு கேள்வியில் பிரியும் இரண்டு பாதைகளையும் எந்த ஸ்கேனும் எடுக்காமலே நாம் கண்டுசொல்ல முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

புண் இருக்கும் இடமும் பேசும். கால்விரல் நுனியில், வெட்டி எடுத்ததுபோன்ற விளிம்புடன், கடும் வலியுடன் உள்ள புண் பெரும்பாலும் தமனிக் குறைவால் வருவது. காலைத் தொங்கப் போட்டால் அந்த வலி சற்றுத் தணியும். உள் கணுக்காலுக்கு மேலே, ஒழுங்கற்ற விளிம்புடன், சுற்றிலும் தோல் கறுத்து, நீர் கசிந்துகொண்டிருப்பது சிரைப் புண். காலை உயர்த்தினால் அதற்கு இதம். சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டுப் போடுவார்கள். அதற்கு முன் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது அவசியம். அந்த எண் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி அடைப்பு உண்டு. அந்தக் காலை இறுக்கிக் கட்டுவது ஆபத்து. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால், சிலருக்கு அது 1.4-க்கும் மேலே காட்டும். அதை நல்ல இரத்த ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் நாடியும் இருக்கும், சூடும் இருக்கும், செருப்புக்குள் முள் தைத்தது மட்டும் தெரியாது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு இல்லாததால் அடிபட்டுத் தேய்ந்து அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதே பாடம்தான். உணர்வைச் சோதிக்கும், 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து வளையும்வரை அழுத்தும்போது, "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவே "தெரிகிறது" என்று சொல்லிவிடுவார்கள். கண்ணை மூடச் சொல்லி, "தொடும்போதெல்லாம் எந்த இடம் என்று சொல்லுங்கள், ஐயா" என்று கேளுங்கள்.

தசையின் வலிமையை 0 முதல் 5 வரை எண்ணிட்டு எழுதுகிறோம். இதில் 3 என்பதுதான் நடுக்கோடு: புவியீர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்க முடிகிறது, ஆனால் நாம் இலேசாக அழுத்தினாலே கீழே விழுந்துவிடுகிறது என்று பொருள். மூட்டுகளின் அசைவை முதலில் அவரையே அசைக்கச் சொல்லிப் பாருங்கள், பிறகு நீங்கள் அசையுங்கள். கோணமானி கையில் இல்லாவிட்டாலும் வாழ்க்கையைக் கேட்கலாம்: சடை பின்ன முடிகிறதா, ரவிக்கையின் பின் கொக்கியை மாட்ட முடிகிறதா, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா. வழுக்கி விழுந்த முதியவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் எதையும் அசைக்காதீர்கள். அது இடுப்பெலும்பு முறிவாக இருக்கக் கூடும்.

கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று அறியப் பாதத்தை மேலே மடக்கிப் பார்க்கும் ஹோமன்ஸ் சோதனை பழைய நோட்டுகளில் இன்னும் இருக்கிறது. அது நம்பத் தகுந்தது அல்ல. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் உள்ள மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, இரண்டு கால்களையும் டேப்பால் அளங்கள்; வேறுபாடு 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடனே தெரிவியுங்கள். அந்தக் காலைப் பிடித்துவிடக் கூடாது என்று உடனிருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்; வலிக்கிறது என்றால் எண்ணெய் தடவி நீவிவிடுவது நம் வீடுகளில் அன்பின் வழக்கம்.

கடைசியாக, எழுதுவது. 'இயல்பு' என்ற ஒற்றைச் சொல்லை என் வார்டில் நான் ஏற்பதில்லை. இப்படி எழுதுங்கள்: இரவு 10 மணி, வலது கை, விரல்கள் சூடு, நிறம் 1 விநாடியில் திரும்புகிறது, கட்டைவிரலை உயர்த்துகிறார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்கிறார், விரல்களை விரிக்கிறார், பிறர் நிமிர்த்தும்போது வலி கூடவில்லை, இடது கையும் அவ்வாறே. மூன்று முக்கிய நரம்புகளையும் இந்த மூன்று அசைவுகளே சொல்லிவிடும். அடுத்த மணி நேரத்தில் வருகிறவர் இந்த வரியோடு ஒப்பிட்டுத்தான் மாற்றத்தைக் கண்டுபிடிப்பார். காலில் அறுவைக்குப் போகிறவருக்கு, நாடி கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புங்கள். அவர் திரும்பி வரும்போது டியூட்டியில் இருக்கும் சிஸ்டர் அந்தக் குறியின்மேல் விரலை வைத்தால் போதும்.