சோழிங்கநல்லூரில் வேலை: ஸ்கூட்டி வேண்டுமா, பஸ் ரயில் போதுமா?

"மதுரையிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருகிறேன், ஆபீஸ் சோழிங்கநல்லூரில், ஸ்கூட்டியைக் கொண்டு வரலாமா, இல்லை பஸ், ரயிலே போதுமா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

வண்டியை அப்புறம் பார்க்கலாம்மா, முதலில் வீடு எங்கே என்று சொல்லுங்கள். மதுரையில் எங்கே குடியிருந்தாலும் வண்டியை எடுத்தால் சட்டென்று ஊரின் மறுமுனைக்குப் போய்விடலாம். இங்கே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே எதில் போகப் போகிறீர்கள் என்பதும் முடிவாகிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் பலர், வாடகை கொஞ்சம் குறைவு, ரயில் வேறு இருக்கிறது என்று தாம்பரத்தில் வீடு பார்க்கிறார்கள். ரயில் இருக்கிறது, 1931லிருந்தே அங்கே மின்சார ரயில் ஓடுகிறது, ஆனால் அது சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் செங்கல்பட்டுக்கும்தானே போகிறது? கிண்டியிலோ எழும்பூரிலோ வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தாம்பரம் பார்க்கலாம். சோழிங்கநல்லூருக்கு நீங்கள் மேடவாக்கம் வழியாகக் குறுக்கே வர வேண்டும், அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது, ஆபீஸ் நேரத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் தங்க இடம் கிடைத்தால் பறக்கும் ரயிலில், அதாவது மேம்பாலத்தில் ஓடுகிற மின்சார ரயிலில், திருவான்மியூர் வந்துவிடலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே ஓஎம்ஆர், அதாவது சோழிங்கநல்லூர் போகிற பழைய மகாபலிபுரம் ரோடு, டைடல் பார்க் பக்கத்தில்தான், அங்கிருந்து பஸ். பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் 2021லிருந்து டிக்கெட் இலவசம், ஏசி பஸ்ஸுக்கு அது கிடையாது. பஸ் வரவில்லையா, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுங்கள், பக்கத்து ஆளின் டிபன் பை உங்கள் மடியில் இருக்கும், சில்லறை இல்லை என்றால் டிரைவர் முறைப்பார், ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்திருக்கிற இடத்தில் எல்லா வண்டியும் ஒரே வேகம்தான், அதாவது ஊர்வதுதான்.

என் கருத்து, காரப்பாக்கம், துரைப்பாக்கம் என்று ஆபீஸ் பக்கத்திலேயே பிஜி விடுதி பாருங்கள், வாடகை கூடுதல்தான், ஆனால் நேரம் மிச்சம். அப்படியானால் ஸ்கூட்டி வசதி. ஆனால் வீட்டுக்குக் கீழே மழைத் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள், வீட்டு ஓனர் சொல்ல மாட்டார். புயல் என்று அறிவித்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை வரிசையாக நிறுத்துகிற ஊர் இது. அதனால் மழைக்காலம் முடியட்டும், பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வரும்போது வண்டியை ரயில் பார்சலில் போடுங்கள், ஆர்சி நகல் வேண்டும், பெட்ரோலைச் சுத்தமாக இறக்கிவிட வேண்டும்.