கிறிஸ்து கையால் கிரீடம்

நண்பர்களே, பல பாணிகள் கலந்த கோயில் என்றாலே மத நல்லிணக்கம் என்று கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தின் மார்த்தொரானா என்ற கிறிஸ்தவக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்: அந்தக் கலப்பில் பாதி அரசியல்.

கட்டியவர் அந்தியோக்கியா ஜார்ஜ். கிரேக்கக் கிறிஸ்தவர். முதலில் வட ஆப்பிரிக்காவில் ஒரு முஸ்லிம் அரசிடம் வேலை பார்த்தார். பிறகு சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரின் கடற்படைத் தளபதியானார். 1143-இல் இந்தக் கோயிலுக்கு மானியம் எழுதி வைத்தார்.

உள்ளே, சில்லுகள் பதித்த தங்க மொசைக் ஓவியம் ஒன்றில், கிறிஸ்துவே ரோஜரின் தலையில் கிரீடம் வைக்கிறார். திருத்தந்தையைக் காணோம்! எப்படி இருப்பார்? 1139-இல் அவரைப் போரில் சிறைபிடித்துத்தான் ரோஜர் தன் பட்டத்துக்கு ஒப்புதலே வாங்கினார். ஓவியத்தில் ரோஜர் உடுத்தியிருப்பது பைசாந்தியப் பேரரசரின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசரின் உடை. தலைக்கு மேலே 'ரெக்ஸ்' (அரசர்) என்ற லத்தீன் பட்டம், கிரேக்க எழுத்தில். தளபதி ஜார்ஜ்? இன்னொரு மொசைக்கில் மாதாவின் காலில் விழுந்து கிடக்கிறார். காலில் விழும் காட்சி நமக்கொன்றும் புதிதில்லை.

குவிமாடத்தின் அடியில் ஒரு மர உத்திரம். அதில் கிறிஸ்தவத் துதி, அரபியில். 1184 கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே வந்தார் அந்தலூசியாவின், அதாவது ஸ்பெயின் பக்கத்து முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர். கோயிலின் அழகையும் மணிக்கோபுரத்தையும் பார்த்துச் சொக்கிப்போனார். அதே மூச்சில், இங்கே சீக்கிரம் பாங்கு ஒலிக்க வேண்டும் என்றும் இறைவனை வேண்டிக்கொண்டார். நல்லிணக்கம் பேசுகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

பிற்பாடு கோயில் பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் கன்னியர் மடத்துக்குப் போனது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடுப்பீடத்துக்குப் பின்னால் இருந்த பழைய சுவரை, மொசைக்கோடு சேர்த்து இடித்துத் தள்ளி, பரோக் என்ற பகட்டு அலங்காரப் பாணியில் பளிங்கு இழைத்துவிட்டார்கள். தங்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் திடீரென்று கண் தடுக்குகிறது. எனக்கு மனசு ஆறவில்லை.

இன்று இங்கே பூசை வைப்பவர்கள் அல்பேனிய வழிவந்த கத்தோலிக்கர்கள். கேரளத்துச் சீரோ மலபார் சபையைப் போல ரோமோடு ஒன்றியவர்கள்தான். வழிபாடு மட்டும் பைசாந்திய முறை.

அந்தக் கன்னியர் பெயருக்கு ஒரு புண்ணியமும் உண்டு. பாதாம் மாவில் ஆரஞ்சு, அத்தி, பேரிக்காய் என்று அசல் பழம் போலவே பிடித்து வண்ணம் தீட்டுகிற இனிப்பு அவர்கள் மடத்தில் பிறந்தது என்பார்கள். பலெர்மோ மிட்டாய்க் கடைகளில் அதற்கு இன்றும் மார்த்தொரானா என்றுதான் பெயர். போனால் வாங்கிச் சாப்பிடுங்கள். தித்திப்பு கொஞ்சம் அதிகம்.