லேப் மெஷின்களின் எர்த்: 61010 என்ன கேட்கிறது, எப்படிச் சோதிப்பது

[திரையில்: ஈசிஜி மெஷின், பக்கத்தில் ரத்த மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ்]

இரண்டும் ஆஸ்பத்திரி மெஷின்தான். ஆனால் மின் பாதுகாப்புத் தரநிலை வேறு வேறு. நோயாளி உடம்பில் ஒட்டுகிற ஈசிஜிக்கு ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60601-1. லேபுக்குள்ளேயே நிற்கிற கருவிகளுக்கு ஐஇசி 61010-1. அதோடு சேர்த்து, சென்ட்ரிஃபியூஜுக்கு 61010-2-020, வாட்டர் பாத், இன்குபேட்டர் போன்றவற்றுக்கு 2-010, ரத்த மாதிரி ஓட்டும் அனலைசருக்கு 2-101. டெண்டரில் எல்லாவற்றுக்கும் 60601 என்று எழுதி வைத்தால், லேப் மெஷினுக்குப் பொருந்தாத சான்றிதழைக் கேட்கிறோம் என்று அர்த்தம்.

61010-இல் நாம் பார்க்க வேண்டிய முக்கியமான எண் தொடு மின்னோட்டம். வெளி உலோகத்தைத் தொட்டால் உடம்பு வழியாக எவ்வளவு கரண்ட் போகலாம்? சாதாரண நிலையில் 0.5 மில்லி ஆம்பியர். எர்த் வயர் அறுந்தது போல ஒரு கோளாறு இருக்கும்போது 3.5. பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எப்போதும் கொஞ்சம் கரண்டை மெஷினின் உலோக பாடிக்குக் கசியவிடும், நல்ல மெஷினிலும்தான். அதை எடுத்துக்கொண்டு போவது எர்த்.

[திரையில்: ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு பிளக்]

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். ஒவ்வொரு மெஷினும் 1 மில்லி ஆம்பியர் கசியவிடுகிறது என்று வையுங்கள். தனித்தனியாகச் சோதித்தால் நாலும் பாஸ். பாக்ஸின் எர்த் லூஸானால் நாலின் கசிவும் ஒன்றாகச் சேர்ந்து 4 மில்லி ஆம்பியர், தொடுகிறவர் கை வழியாகப் போகும். எந்த மெஷினைத் தொட்டாலும் அதே ஷாக். மெஷினைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கோளாறும் இருக்காது. எர்த் பின்னை விட்டுவிடும் டூ-பின் அடாப்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது லேபில் இருக்கவே கூடாது.

இப்போது சோதனை. முதலில் மெஷினைக் கிருமிநாசினியால் துடையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், பிரிண்டர், நெட்வொர்க் கேபிள்களையும் கழற்றுங்கள். அவை வழியாக எர்த் வேறு பாதையில் கிடைத்துவிட்டால் ரீடிங் பொய்யாக நன்றாக வரும்.

எர்த் தொடர்ச்சி, அதாவது எர்த் பாதை அறுபடாமல் இருக்கிறதா என்பது: கழற்றக்கூடிய பவர் கார்டு (மின் வயர்) என்றால், மெஷினின் எர்த் முனையிலிருந்து பாடி வரை 0.1 ஓமுக்குள். கழற்ற முடியாத கார்டு என்றால் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து 0.2 ஓமுக்குள். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு ஆகாது. அதன் லீடுகளிலேயே அவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கும். அதைவிட, பத்து இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் சின்ன கரண்டில் நல்ல ரீடிங் காட்டும். தரநிலை 25 ஆம்பியர் அல்லது மெஷினின் ரேட்டட் கரண்டைப் போல இரண்டு மடங்கு, எது அதிகமோ அதை 1 நிமிடம் செலுத்தச் சொல்கிறது. புரோபை (டெஸ்டரின் தொடு முனையை) பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவில் வையுங்கள். நெட்வொர்க் சாக்கெட்டின் உலோக விளிம்பில் வைத்தால் போர்டு எரிந்துவிடலாம்.

ஃபெயில் ஆனால் முதலில் வேறு கார்டு போட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் உள்ளே எர்த் ஸ்டட்டின் (எர்த் வயர் பொருத்தும் போல்ட்டின்) நட் லூஸா, வாஷர் துருப்பிடித்ததா என்று பாருங்கள்.

தொடு மின்னோட்டத்தை சேஃப்டி டெஸ்டரில் (மின் பாதுகாப்பைச் சோதிக்கும் கருவியில்) எர்த் இணைப்பைத் துண்டித்து வைத்து, லைன்-நியூட்ரலை மாற்றியும் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் மெஷினைத் தொடக்கூடாது.

வாட்டர் பாத் தனிக் கதை. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் உறைக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பவுடர், நாள்கணக்கில் சும்மா கிடந்தால் ஈரத்தை இழுக்கும். லீவு முடிந்து ஆன் செய்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கரண்டைக் கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆவது பல நேரம் இதனால்தான். ஆர்சிசிபியை பைபாஸ் செய்யாதீர்கள். டெக்னீஷியன் எலிமென்ட்டைக் கழற்றி, உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை அளக்கும் மீட்டரில்) பார்க்கட்டும். ரீடிங் ஏறவில்லை என்றால் உறையில் ஓட்டை விழுந்திருக்கிறது. எலிமென்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.