பெட்டி கட்டியாச்சு, தேதிதான் வரவில்லை

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் அந்தப் பெட்டி தெரிகிறதா? போன வீடியோவிலும் அதே மூலையில்தான் இருந்தது. புது பிளேஸ்மென்ட்டுக்கு, அதாவது வெளிநாட்டில் போய்த் தங்கிச் செய்யும் அடுத்த வேலைக்கு, விசா இன்னும் வரவில்லை, கிளம்பும் தேதி இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது.

முதல் வாரம் உருப்படியாக ஒன்றுமே செய்யவில்லை. மெயிலைத் திறப்பேன், மூடுவேன். அப்புறம் ஆர்வக்கோளாறில் ஒரு பையனுக்கு வாராவாரம் கணக்குச் சொல்லித்தருவதாக வாக்குக் கொடுக்கப் போனேன். அவன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எப்போ கிளம்புவீங்க தம்பி?" என்னிடம் பதில் இல்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் விசா வந்து நின்றால் அவன் கதி என்ன? ஆகவே நான் பாதியில் போனாலும் யாரும் தவிக்காத வேலையாகத் தேடினேன்.

கிடைத்தது வரைபட வேலை. 2010இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத் தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. இன்றும் அந்த வேலை நடக்கிறது. ஒரு பகுதியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு கட்டத்தை எடுக்கலாம், முடித்துக் கொடுக்கலாம். முடியவில்லையா, விட்டுவிட்டால் வேறொருவர் தொடர்வார்.

இதோ, திரையைப் பாருங்கள். இது ஒரு வீட்டுக் கூரை. படத்தைச் சாய்வாக எடுத்திருப்பதால் கூரை ஒரு பக்கம் தள்ளித் தெரிகிறது. கூரையைச் சுற்றிக் கோடு போட்டதும், அந்த வடிவத்தை அப்படியே இழுத்து, சுவர் தரையைத் தொடும் இடத்தில் வைக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் வரைந்த எல்லா வீட்டையும் அந்தரத்தில் விட்டிருந்தேன். சரிபார்த்தவர் பொறுமையாகத் திருப்பி அனுப்பினார். ஒரு மரத்தின் நிழலை வேறு வீடாக்கியிருந்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீங்களும் இப்படிக் கிளம்பக் காத்திருந்தால், தடுப்பூசி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கல்லீரல் அழற்சி பி (ஹெப்படைட்டிஸ் பி) ஊசி, வழக்கமான முறையில் மூன்று தவணை, முடிய ஆறு மாதம். பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்றும் பார்த்துவிடுங்கள், பல நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன.

இந்தக் காத்திருப்பில் நான் செய்த இன்னொரு வேலை, முன்பு வேலை பார்த்த இடத்துக்கான ஒப்படைப்புக் குறிப்பு. நான் அங்கே போய் இறங்கியபோது எனக்கு யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எந்தக் கணினி இரண்டாவது தடவை அழுத்தினால்தான் எழும், மழை பெய்தால் யார் வகுப்புக்கு வர முடியாது என்று தெரியவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதனால் இப்போது பதினோரு பக்கம் எழுதி, எனக்குப் பின்னால் வந்தவருக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று ஒரு பெருமிதம்.

நேற்று இரவு அவரிடமிருந்து செய்தி: "குறிப்பு ரொம்ப உதவியாக இருக்கிறது. சாவிக்கொத்தில் பச்சை நூல் கட்டிய சாவி எந்தப் பூட்டுக்கு?"

அது பின்பக்க அலமாரிக்கு. புத்தகங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சரி, கேமராவை நிறுத்துகிறேன், முதலில் அவருக்குப் பதில் போட வேண்டும்.