பைக் வாங்கியவன் கட்டிய வரி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வாகன வரி ஏய்ப்பு ஒழிய வரியைக் குறைக்க வேண்டுமா, பிடியை இறுக்க வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "வரியைக் குறையுங்கள், ஏய்ப்பு தானாக நின்றுவிடும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் பிடியை இறுக்கச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருடம் என் அக்கா மகன் பைக் வாங்கினான். முதல் சம்பளத்திலிருந்து சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். ஷோரூமில் ஒரு தாளை நீட்டினார்கள். வண்டி விலை 90,000 ரூபாய், அதற்குக் கீழே சாலை வரி 9,000. "மாமா, இதைக் கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்று என் காதில் கேட்டான். முடியாதப்பா. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய் வரையிலான புது பைக்குக்கு 10 சதவீதம். கட்டினால்தான் நம்பர். கட்டினான்.

அதே சட்டம் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் கேட்கிறது. 1 கோடி ரூபாய் கார் என்றால் 20 லட்சம். அந்த இடத்தில்தான் சிலருக்குத் திடீரென்று புதுச்சேரியில் ஒரு வீடு முளைக்கிறது! 2017-இல் கேரளம் இதைத் தோண்டியது. அங்கே கட்ட வேண்டிய வரியில் சின்னப் பங்கை மட்டும் புதுச்சேரியில் கட்டிவிட்டு, விலை உயர்ந்த கார்கள் பிஒய் எண்ணோடு கேரளச் சாலைகளில் ஓடின. போலி முகவரி கொடுத்ததாகத் திரைத்துறையினர் மீதும் வழக்குப் பதிவானது. சரி, அவர்களெல்லாம் வரி கட்ட வழியில்லாதவர்களா?

எங்கள் குடியிருப்பிலும் ஒரு பிஒய் கார் நிற்கிறது. மூன்று தீபாவளி பார்த்துவிட்டது. வாட்ச்மேன் அண்ணன்தான் வாரம் ஒருமுறை அதைத் துடைக்கிறார். அவருடைய பழைய டிவிஎஸ் 50-க்கு வரி கட்டியாயிற்று.

வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆனால் மாதத்தை யார் எண்ணுவது? ஃபாஸ்டேக் எண்ணும், சாலைக் கேமரா எண்ணும். எண்ணச் சொல்லுங்கள் என்கிறோம்.

இறுக்கினால் நடக்குமா என்று கேட்பீர்கள். நாகாலாந்து எண் போட்ட ஆம்னி பேருந்தில் நாம் எத்தனை முறை ஊருக்குப் போயிருப்போம்! கோஹிமா மண் அந்தச் சக்கரத்தில் ஒட்டியிருக்குமா? 2024 ஜூனில் நம் போக்குவரத்துத் துறை, அப்படி ஓடும் பேருந்துகளை நிறுத்துவோம் என்று கறாராகச் சொன்னது. முதலாளிகள் முணுமுணுத்தார்கள், நீதிமன்றம் போனார்கள். ஆனாலும் அதுவரை அசையாமல் இருந்தவற்றில் ஒரு பகுதி டிஎன் எண்ணுக்கு மாறியது.

வேலை மாற்றலாகி வருகிறவர்களின் அலைச்சலை எதிரணி சொன்னது. அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். பழைய மாநிலத்தில் தடையில்லாச் சான்று, அப்புறம் கட்டிய வரியைத் திரும்ப வாங்க நடையாய் நடப்பது. மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவையில்லை என்று 2021-இல் வந்த பிஎச் எண் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அவர்களுக்கு வழியை எளிதாக்குங்கள், நானும் கூடவே கேட்கிறேன். புதுச்சேரியில் நிஜமாகவே குடியிருப்பவரையும் வழிமறித்து வதைக்கக் கூடாது. ஆனால் இவர்களைக் காட்டி அந்த 20 லட்சத்துக்காரர் ஒளிந்துகொள்ளக் கூடாது, நடுவர் அவர்களே.

வரியைக் குறை என்கிறார்களே, எதுவரை குறைப்பது? நாம் ஒரு படி இறங்கினால் இன்னொரு மாநிலம் இரண்டு படி கீழே நின்று கூப்பிடும்.

என் அக்கா மகன் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஏன் 9,000 கட்டினான், அந்தக் கார்க்காரர் ஏன் கட்டவில்லை? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.